ஒன்பதாவது வெள்ளியும் ஒரு வாய்த் தண்ணீரும்

மைசூரில் கிறிஸ்தவக் கோயில் ஒன்றுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே குடியிருந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் ராத்திரிச் சாப்பாடு முடிந்து, ஜெபமாலை சொல்லி, ஒன்பது மணிக்குச் சொம்பும் பல்பொடியுமாக வாசலுக்கு வந்துவிடும். ஊரெல்லாம் விடிந்தால் பல் தேய்க்கிறது, இவர்கள் மட்டும் படுக்கப் போகும்போது தேய்க்கிறார்களே என்று பக்கத்துத் தெருக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தப் பழக்கம் எந்த வெள்ளிக்கிழமையில் பிறந்தது என்று தெரிந்தால் சிரிப்பு வராது. அதைக் கொண்டுவந்தவள் ஹில்டா, பெரிய ஆஸ்பத்திரியில் பல் பிரிவு நர்ஸ்.

ஹில்டா கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பா சுரங்கத்துக்குள் இறங்குகிற ஆள். நாற்பது வயதுக்குள் அவர் வாயில் ஒரு பல் மிச்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் அவர் பங்கை மட்டும் அம்மா அம்மியில் வைத்து நசுக்கிக் கொடுப்பாள். அதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். அந்தக் குனிந்த தலை ஹில்டாவின் மனசில் அப்படியே தங்கிவிட்டது. மைசூரில் நர்ஸ் பயிற்சி முடிந்து எந்த இடம் வேண்டும் என்று கேட்டபோது மற்றப் பெண்கள் பிரசவ வார்டு கேட்டார்கள். இவள் பல் பிரிவு கேட்டாள்.

"அங்க நாத்தம் குடலைப் புடுங்கும்டி" என்றார்கள் தோழிகள்.

"அந்த நாத்தத்துலதான் வளர்ந்தேன்" என்றாள் ஹில்டா.

கறாரான பெண். பல் வலி என்று வருகிறவர்களுக்கு டாக்டரிடம் போகுமுன் இவளிடம் ஒரு அர்ச்சனை உண்டு. எதைப் போட்டுத் தேய்க்கிறாய் என்று முதலில் கேட்பாள். செங்கல் தூள், அடுப்புக்கரி, புகையிலைத் தூள் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கல்லைப் போட்டுத் தேய்த்தால் பாத்திரமே தேய்ந்துபோகும், பல் எம்மாத்திரம் என்பாள். முன்பல்லை மட்டும் பளபளவென்று வைத்துக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பின்னால் இருக்கிற அரைக்கும் பல்தான் சோறு போடுகிறது, அதை யார் கவனிப்பது என்று கேட்டு, வேப்பங்குச்சியை மென்று நுனியைப் பஞ்சாக்கி, உள்பக்கமும் கடைசிப் பல்லின் முதுகும் எப்படித் தேய்ப்பது என்று தன் வாயிலேயே செய்து காட்டுவாள். சாப்பிட்டால் கொப்பளி. வாரத்தில் நாலு நாள் உப்புத் தண்ணீர். ஈறில் ரத்தம் வந்தால் பயந்து விட்டுவிடாதே, அங்கேதான் அழுக்கு உட்கார்ந்திருக்கிறது. இதையெல்லாம் தமிழில் ஒரு தடவையும் கன்னடத்தில் ஒரு தடவையும் சொல்வாள்.

இப்படி ஊரார் வாயையெல்லாம் திறந்து பார்த்தவள் சொந்தப் புருஷன் வாயைப் பார்க்கவில்லை. இதைப் பின்னால் அவளே சொல்லிச் சொல்லி அழுதாள், அதனால் நாம் சொல்வதில் தப்பில்லை.

புருஷன் பெயர் சகாயநாதன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் டைம்கீப்பர். அதிர்ந்து பேசாத மனுஷன், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டான். ஐம்பத்தொன்றாம் வருஷம் அக்டோபர் மாதம் ஹில்டாவுக்கு டைபாய்டு காய்ச்சல் வந்து, இருபத்திரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். அவன் திரு இருதயப் படத்துக்கு முன்னால் முழங்காலில் விழுந்து ஒரு நேர்ச்சை செய்தான். இவள் எழுந்து உட்கார்ந்தால் தொடர்ந்து ஒன்பது மாதம் முதல் வெள்ளிக்கிழமை பூசை கண்டு நன்மை வாங்குகிறேன், நடுவில் ஒன்று தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன் என்று. ஹில்டா எழுந்து உட்கார்ந்தாள். அவன் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டான்.

நன்மை வாங்குவது, அதாவது பூசையில் சாமியார் தரும் அப்பத்தை ஆண்டவர் உடலாக நாக்கில் ஏற்பது, அந்தக் காலத்தில் இப்போதுபோல் அல்ல. நடு ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்றுதான் ஜனங்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திருச்சபைச் சட்டம் சொன்னது விழுங்கக்கூடாது என்று மட்டும்தான். ஜனங்கள் அதையும் தாண்டிப் போய்விட்டார்கள். நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளும் முதல் வெள்ளியும் சேர்ந்து வந்த அன்றைக்கு, சகாயநாதன் காலையில் பல் தேய்த்துக் கொப்பளிக்கும்போது இருமல் வந்து ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே போய்விட்டது. நன்மை வாங்காமல் திரும்பி வந்தான். அதோடு முடிவு செய்துவிட்டான். இனிமேல் பூசைக்குமுன் வாயில் தண்ணீர் வைப்பதில்லை. டிசம்பர் பிறந்ததும் பூசைக்கும் முதல் வெள்ளி மட்டும் இல்லை, தினம் ஆறு மணிக்குப் போனான். திரும்பி வந்தால் சுடச்சுடக் காப்பி, இரண்டு இட்லி, ஏழரைக்கு ஒர்க்‌ஷாப் சங்கு. காப்பி குடித்த பிறகு யார் பல் தேய்ப்பார்கள்? ராத்திரி தேய்க்கலாம் என்பது அந்தச் சந்தில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. பல் தேய்ப்பது விடிவதற்குச் சொந்தமான காரியம்.

டிசம்பரிலிருந்து ஜூலைவரை எட்டு வெள்ளி முடிந்தது. எட்டு மாதமாக அந்த வாய்க்குள் பொடியும் போகவில்லை, குச்சியும் போகவில்லை. அவன் எந்நேரமும் கிராம்பு மென்றான். ஹில்டா அதை வாசனைக்கு என்று நினைத்தாள்.

ஆகஸ்டு முதல் தேதி ஒன்பதாவது வெள்ளி. அதற்கு முந்தைய வியாழக்கிழமை சாயங்காலம் ஹில்டா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது சகாயநாதன் நாற்காலியில் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்து உட்கார்ந்திருந்தான். கழுத்தைச் சுற்றித் துண்டு. மழைக் குளிர் என்றான். பேச்சு குழறியது. சூடான கிழங்கை வாயில் போட்டுக்கொண்டு பேசுகிறவன்போல் இருந்தது. ஹில்டாவுக்கு அந்தக் குழறல் தெரியும். துண்டைப் பிடுங்கினாள்.

தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கிக் கட்டையாகக் கிடந்தது. விரலால் அமுக்கினால் அமுங்கவில்லை. டார்ச்சை எடுத்து, "வாயைத் திறங்க" என்றாள். இரண்டு விரல் அளவுக்குத்தான் திறந்தது. வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். கீழ்ப்பக்கக் கடைவாய்ப் பல் இரண்டும் கறுத்துக் குழியாகிவிட்டன. ஈறு முழுக்க மஞ்சள் படை. நாக்கின் அடித்தளம் பொங்கி நாக்கையே மேலே தள்ளிக்கொண்டிருந்தது. போன வருஷம் இப்படி ஒரு வண்டிக்காரனைக் கொண்டுவந்தார்கள். மத்தியானம் வந்தவன் மூச்சடைத்து விளக்கு வைப்பதற்குள் போய்விட்டான்.

"எத்தனை நாளா?"

"திங்கக்கிழமைலேருந்து வலி. வீக்கம் நேத்துதான்."

"பல்லு எத்தனை நாளா தேய்க்கல?"

அவன் துண்டை எடுத்து மறுபடி கழுத்தில் சுற்றப் பார்த்தான். அவள் மறுபடி கேட்டாள். அவன் விரலை மடக்கி எட்டு என்று காட்டினான். எட்டு நாள் என்று நினைத்தாள். அவன் தலையை ஆட்டி, "மாசம்" என்றான். காரணத்தையும் குழறிக் குழறிச் சொன்னான்.

ஹில்டா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கோபம் ஒரு பக்கம், தன் மேலேயே வெட்கம் ஒரு பக்கம். எட்டு மாதம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, பல்பொடி டப்பா குறையாமல் இருப்பதைக்கூடக் கவனிக்காதவள் நர்ஸாம். பிறகு எழுந்து குடையை எடுத்தாள்.

"எந்திரிங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம். டாக்டர் இன்னும் வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்."

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும்."

"நாளைக்கு வரைக்கும் இது காத்துக்கிட்டு இருக்காது."

"ஹில்டா, இன்னும் பன்னிரண்டு மணி நேரம். எட்டு மாசம் போச்சு, பன்னிரண்டு மணி நேரம் போகாதா?" அவன் கெஞ்சினான். "அங்க போனா படுக்க வச்சிருவாங்க. வெள்ளிக்கிழமை போயிரும். நான் கொடுத்த வாக்கு உனக்காகக் கொடுத்தது."

"எனக்காகக் கொடுத்தது எனக்கே யமனா வந்து நிக்குது."

அவன் அசையவில்லை. அவளைவிட ஒரு முழம் உயரமான ஆளை அவள் தூக்கிக்கொண்டா போகமுடியும்? மழையில் ஓடினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் பசவராஜ் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது. பென்சிலின் ஊசி மருந்தை எடுத்துக் கொடுத்து, "இது தடுத்து நிறுத்தாது, கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். தட மாடபேடி சிஸ்டர், மூச்சில் சத்தம் வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. நாளைக்கு விடிந்ததுமே நான் வந்துவிடுகிறேன்" என்றார். வரும் வழியில் சாமியார் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கொர்னேலியஸ் சாமியார் அறுபது வயதுக்காரர். ஹில்டாவே அவருக்கு இரண்டு பல் பிடுங்க உதவியிருக்கிறாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"காலையில பூசைக்கு வந்தப்பவே சொன்னேன்மா, முதல்ல டாக்டரைப் பாருன்னு. ஒன்பதை மறுபடி ஆரம்பிச்சா ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாருன்னும் சொன்னேன்."

"நீங்க அவருக்கு விதிவிலக்கு கொடுங்க சாமி. ராத்திரி உப்புத் தண்ணில கொப்பளிக்கணும், மருந்து முழுங்கணும். அதுக்கப்புறம் நன்மை வாங்கட்டும்."

"கொப்பளிக்கறது தாராளமா செய்யலாம். முழுங்கினாத்தான் உபவாசம் போகும். அதுக்கு விதிவிலக்கு என் கையில இல்ல. மாசக்கணக்கா படுக்கையில கிடக்கிறவங்களுக்கு உண்டு. சாகக் கிடக்கிறவங்களுக்கு எதுவுமே தடையில்ல." கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டார். "நான் வந்து பேசிப் பார்க்கிறேன்."

வந்து பேசினார். சகாயநாதன் அவர் கையை உதட்டில் ஒற்றி முத்தி செய்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினான். ஊசி போட்டுக்கொண்டான், ஊசி வாய் வழியாகப் போவதில்லை. கொப்பளிக்கச் சொன்னபோது தொண்டையைத் தொட்டுக் காட்டினான். இந்த வீக்கத்தில் தண்ணீரை நிறுத்தி வைக்க முடியாது, கட்டாயம் உள்ளே போய்விடும் என்று அர்த்தம். அது மட்டும் உண்மை, ஹில்டாவுக்கே மறுக்க முடியவில்லை.

விடிகாலையில் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். படுத்தால் மூச்சு முட்டியதால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தவன். எச்சில் விழுங்க முடியாமல் கைக்குட்டையில் துடைத்துத் துடைத்து அது நனைந்துபோயிருந்தது. ஹில்டா முக்காடு போட்டுக்கொண்டு கூடவே நடந்தாள். வழியில் ஒரு ஜட்காவை எழுப்பி, கோயில் வாசலில் நிற்கச் சொன்னாள். "குதிரையை அவிழ்க்காதே, நான் எந்த நிமிஷமும் வருவேன்" என்றாள் வண்டிக்காரனிடம். தூறல் விடவில்லை.

பெண்கள் இடது பக்கம், ஆண்கள் வலது பக்கம். ஹில்டா நடைபாதையை ஒட்டி முழங்காலில் இருந்தாள். பூசையில் அவள் மனசு இல்லை. நடைபாதைக்கு அந்தப் பக்கம் முன்னால் தெரிந்த அவன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு இழுக்கும்போது தோள் ஏறி இறங்கியது. சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்துக்கு மணி அடித்தபோது எல்லாரும் தலை குனிந்தார்கள். அந்த அமைதியில் அவளுக்கு ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய விசில்மாதிரி. அவன் மூச்சு.

எழுந்து போய் இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா? இன்னும் ஐந்து நிமிஷம். ஐந்து நிமிஷத்தில் இழுத்துப் போனால் வாழ்நாள் முழுக்க அந்த ஐந்து நிமிஷத்தை முகத்தில் வைத்துக்கொண்டு திரிவான். ஐந்து நிமிஷத்தில் மூச்சு நின்றுபோனால்? டாக்டர் சொன்னது காதிலேயே இருந்தது. கடவுளே, சீக்கிரம் வந்து தொலையும் என்று அவள் வேண்டினாள். அப்படி வேண்டியதற்காகப் பின்னால் ஒருநாள் பாவசங்கீர்த்தனமும் செய்தாள்.

ஆண்கள் பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதியில் வரிசையாக முழங்காலிட்டார்கள். சகாயநாதன் நாலாவது ஆள். கொர்னேலியஸ் சாமியார் லத்தீனில் முணுமுணுத்தபடி ஒவ்வொருவர் நாக்கிலும் நன்மையை வைத்துக்கொண்டு வந்தார். அவன் முன்னால் வந்து நின்றார். அவன் கண்ணை மூடி முகத்தை நிமிர்த்தினான்.

வாய் திறக்கவில்லை.

உதடு பிரிந்தது. பல் பிரியவில்லை. நேற்றுச் சாயங்காலம் இரண்டு விரல் திறந்த தாடை இப்போது பூட்டிக்கொண்டுவிட்டது. அவன் முக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றியில் வேர்வை அரும்பியது. கடைவாயில் எச்சில் ஒழுகித் தாடையில் இறங்கியது. சாமியார் காத்திருந்தார். அப்பத்தில் ஒரு நுனி அளவு விண்டு, பல் இடுக்கில் வைக்கப் பார்த்தார். அதுவும் நுழையவில்லை. எச்சிலோடு கீழே விழுந்துவிடுமோ என்று அவர் கை பின்வாங்கியது. அடுத்த ஆளுக்குப் போனார். வரிசை முழுக்க முடித்துவிட்டு மறுபடி அவனிடமே வந்தார். எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். அவன் மட்டும் கிராதியில் தனியாக, திறக்காத வாயை ஏந்திக்கொண்டிருந்தான். சாமியார் கண் பெண்கள் பக்கம் திரும்பி ஹில்டாவைத் தேடியது.

அவள் ஏற்கெனவே எழுந்துவிட்டாள். கோயில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஆண்கள் பக்கம் தாண்டிப் போய் அவன் கைக்கு அடியில் கை கொடுத்தாள். அவன் தலையை ஆட்டினான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவள் குனிந்து காதில் சொன்னாள்.

"ஆண்டவர் வாசல் வரைக்கும் வந்தார், ரெண்டு தடவை வந்தார். கதவு துருப்பிடிச்சுக் கிடக்கு. அவர் மேல குத்தமில்ல. எந்திரிங்க."

அதற்குப் பிறகு அவன் எதிர்க்கவில்லை. எதிர்க்க அவனிடம் மூச்சும் இல்லை.

ஜட்காவில் அவனை உட்கார்ந்தபடியே சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். அந்த விசில் ஒவ்வொரு இழுப்புக்கும் கேட்டது. அது கேட்கிறவரைக்கும் சரி, நின்றால்தான் பயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். உதடு நீலம் பாய ஆரம்பித்திருந்தது.

பசவராஜ் சொன்னபடி முன்னாலேயே வந்து காத்திருந்தார். ஒரு பார்வைதான் பார்த்தார். மயக்க மருந்து கொடுத்தால் மூச்சு நின்றுவிடும், தோலை மட்டும் மரக்கச் செய்து வெளியிலிருந்து அறுக்கவேண்டும் என்றார். சிஸ்டர் வெளியே இருக்கட்டும், வேறு ஆள் வரட்டும் என்றும் சொன்னார். ஹில்டா கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தலையை நான் பிடிக்கிறேன் டாக்டர்."

"ஹெதரபேடிக்கா, காலை நான் பிடிச்சுக்கறேன்" என்றாள் வார்டு ஆயா கெம்பம்மா. பயப்படாதே என்று சொன்னவள் குரலே நடுங்கியது.

தாடைக்கு அடியில் இரண்டு விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்தது. முதலில் ஒன்றும் வரவில்லை. டாக்டர் கத்தரியை உள்ளே விட்டு ஆழத்தில் பிரித்தார். சகாயநாதன் உடம்பு வில்லாக வளைந்தது. ஹில்டா இரண்டு உள்ளங்கையாலும் அவன் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அது வந்தது. அந்த நாற்றத்தில் கெம்பம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹில்டா திருப்பவில்லை. எட்டு மாதம் பார்க்காமல் விட்டதை இப்போதாவது பார்க்கவேண்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் குறைந்தது. உதட்டில் ரத்தம் ஏறியது. டாக்டர் ரப்பர்க் குழாயை வைத்துத் தைத்துக்கொண்டே, "ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால் தொண்டையில்தான் ஓட்டை போட்டிருக்க வேண்டும்" என்றார். ஹில்டா அப்போதுதான் தன் முக்காடு இன்னும் தலையில் இருப்பதைக் கவனித்தாள்.

மத்தியானம் தாடை ஒரு விரலுக்குத் திறந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கவேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. ஹில்டா கோப்பையை நீட்டினாள். அவன் கையால் தள்ளிவிட்டான். மறுபடி நீட்டினாள், மறுபடி தள்ளினான். பேச முடியாததால் அவன் கையில் ஒரு பென்சிலும் கேஸ் சீட்டின் பின்பக்கமும் கொடுத்திருந்தாள். அதில் எழுதினான்: இன்னும் வெள்ளிக்கிழமை முடியவில்லை.

வெள்ளிக்கிழமை முடிவதற்குள் சாமியார் நன்மையோடு வருவார் என்று காத்திருக்கிறான். அதுவரை உபவாசத்தைக் காப்பாற்றுகிறான். கை நரம்பில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது, வாயில் மட்டும் ஒரு சொட்டு விடமாட்டான். இரண்டு மணிக்குக் கொப்பளிக்கவில்லை, நாலு மணிக்குக் கொப்பளிக்கவில்லை. வாய்க்குள் மிச்சம் இருந்த அழுக்கு அந்தப் புண்ணிலேயே ஊறிக்கொண்டிருந்தது. ஹில்டா திட்டினாள், கும்பிட்டாள், கோப்பையைச் சுவரில் எறியலாமா என்றுகூட நினைத்தாள். ஐந்து மணிக்கு டாக்டர் வந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். வீக்கம் இளகிவிட்டது, காய்ச்சல் இறங்கிவிட்டது, உயிருக்கு ஆபத்து தாண்டியாயிற்று, இனி வாயைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் போதும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஆறு மணிக்குக் கொர்னேலியஸ் சாமியார் வந்தார். நெஞ்சோடு சேர்த்து ஒரு சின்னப் பையைப் பிடித்திருந்தார். அதில் நன்மை இருந்தது. சகாயநாதன் அதைப் பார்த்ததும் தலையணையிலிருந்து எழப் பார்த்தான்.

சாமியார் கட்டில் அருகே நின்று, ஹில்டாவைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மா, காலையில பார்த்த கோலத்துக்கு, சாகப்போறவங்களுக்குப் பூசுற அவஸ்தை எண்ணெயைப் பூசித்தான் ஆகணும்னு நினைச்சு வந்தேன். சாகுற ஆபத்துல இருக்கிறவருக்கு அவஸ்தை நன்மை கொடுக்கலாம், உபவாசமோ மத்ததோ ஒண்ணும் பார்க்க வேண்டியதில்ல. டாக்டர் இல்ல போலிருக்கு. நர்ஸ் நீ. நீ சொல்லு. இவர் உயிருக்கு ஆபத்து இருக்கா?"

அவர் கண்ணில் ஒரு இரக்கம் இருந்தது. ஆமாம் என்று சொல், நான் மேற்கொண்டு கேட்க மாட்டேன் என்று அந்த இரக்கம் சொல்லியது. சகாயநாதனும் அவளையே பார்த்தான். அப்படி ஒரு பார்வையை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

ஒரு வார்த்தை. ஆமாம் என்றால் ஒன்பதாவது வெள்ளி முடிந்தது. அவள் உயிருக்காக அவன் கொடுத்த வாக்கு நிறைவேறியது. கழுத்தில் குழாயோடு கிடக்கிறவனுக்கு ஆபத்து என்று சொன்னால் எந்த நர்ஸையும் யாரும் பொய்க்காரி என்று சொல்லப்போவதில்லை. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து ஆபத்து, ஆபத்து என்று கத்தினவள்தானே அவள். அப்போது கேட்க ஆளில்லை, இப்போது கேட்கிறார்கள்.

ஆனால் நாளைக்குச் சந்தில் என்ன பேசுவார்கள்? பார்த்தாயா, வாயில் ஒரு சொட்டு விடாமல் பிடிவாதமாக இருந்தான், ஆண்டவரே ஆஸ்பத்திரிக்குத் தேடி வந்துவிட்டார் என்பார்கள். அடுத்த முதல் வெள்ளிக்கு இன்னும் பத்துப் பேர் பல் தேய்க்காமல் வருவார்கள். இவனும் நாளை முதல் பழையபடியே இருப்பான். இதெல்லாம் அவள் மனசில் ஓடியது உண்மை. ஆனால் அவள் வாயில் வந்த பதில் இந்த யோசனையிலிருந்து வரவில்லை.

"இல்ல சாமி. பிழைச்சுக்கிட்டார்."

சாமியார் தலையை அசைத்தார். பிறகு பையை மறுபடி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, சகாயநாதன் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு, "ஸ்தோத்திரம்" என்று சொல்லிப் போனார்.

சகாயநாதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. ஹில்டா துடைக்கப் போனாள், அவன் விடவில்லை. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தப்புச் செய்துவிட்டோமோ என்று நினைத்தாள். எட்டு வெள்ளியும் ஒரே வார்த்தையில் போயிற்று. அதைப் போக்கியவள் தானே என்று நினைக்க நினைக்க அவளுக்கும் அழுகை வந்தது. கெம்பம்மா வந்து விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அவன் பென்சிலைத் தேடினான். எழுதி நீட்டினான். நீ ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"சொல்லியிருக்கலாம்" என்றாள் ஹில்டா. "நாக்கு வரல. நீங்க சாகப் போறீங்கன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? காலையிலிருந்து அதைச் சொல்லாம இருக்கத்தானே உங்க தலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

அவன் முகத்தைச் சுவரிலிருந்து அவள் பக்கம் திருப்பினான். அப்புறம் சீட்டை வாங்கி, செப்டம்பர் 5 என்று எழுதினான். அடுத்த முதல் வெள்ளி. அதற்குக் கீழே ஒன்று என்று இலக்கம் போட்டான். போட்டுவிட்டுக் கோப்பைக்குக் கையை நீட்டினான்.

உப்புத் தண்ணீர் ஆறிப்போயிருந்தது. ஹில்டா ஓடிப்போய் வேறு கொண்டுவந்தாள். அவன் தலைக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கி, விளக்கை அருகில் இழுத்தாள்.

"இனிமே தினம் ராத்திரி, பன்னிரண்டு மணிக்கு முன்னாடியே பல் தேய்ச்சு முடிச்சிரலாம், உபவாசமும் போகாது. திறங்க" என்றாள்.

அவன் அவளுக்கு வாயைத் திறந்தான். ஒரு விரல் அளவு. வலியில் கண் சுருங்கியது.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் அவள்.